அப்புறம் என்ன ஆச்சு?



தீபாவளி மலருக்கான சிறுகதைகள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. கட்கியிலிருந்து, பிம்ப்ரியிலிருந்து, ஹிஞ்சவடி ஆபீஸ்களிலிருந்து, ராஸ்தா பேட்டையின் பழைய வீடுகளிலிருந்து. சிலர் கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். பலர் பஸ்ஸில் போகும்போதே போனில் டைப் செய்து அனுப்புகிறார்கள். எல்லாவற்றையும் படிக்கிறோம். சத்தியமாகப் படிக்கிறோம்.

படிக்கப் படிக்க ஒன்று தெரிகிறது. வருகிற கதைகள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்றில் மழை பெய்துகொண்டே இருக்கும். முதல் பக்கம் முழுக்க மழை, இரண்டாம் பக்கத்தில் மண்வாசனை. மூன்றாம் பக்கத்தில் கதாநாயகி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். கதை முடிந்துவிடும்.

இன்னொரு ரகத்தில் முதல் பக்கத்திலேயே விபத்து. இரண்டாம் பக்கத்தில் சொத்துத் தகராறு. கடைசிப் பக்கத்தில், இத்தனை நாள் அண்ணன் என்று நினைத்தவர் அண்ணனே இல்லை என்று தெரியவரும். ஆனால் எழுத்து மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகார் மாதிரி இருக்கும்.

போன மலரில் இரண்டு ரகத்துக்கும் இடம் கொடுத்தோம். இரண்டுக்கும் திட்டு வந்தது. "நடை ரொம்ப அழகா இருக்கு சார், ஆனா கதை எங்கே?" என்றார் ஒரு வாசகர். "விறுவிறுன்னு போச்சு. முடிச்சதும் மனசுல ஒரு வரிகூட நிக்கலியே?" என்றார் இன்னொருவர். இதில் யார் கட்சி நீங்கள்?

அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். இந்தச் சண்டையைப் பேச நம் புனேயைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கொஞ்சம் கேளுங்கள்.

1961 ஜூலை 12. பான்ஷெட் அணை உடைந்து புனே நகரத்துக்குள் வெள்ளம் புகுந்த நாள். இங்கே பல தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அந்த வெள்ளம் வடிந்த அடுத்த இரண்டு வருடங்களில் மராத்தியில் இரண்டு நாவல்கள் வந்தன. 1962-இல் ரஞ்சித் தேசாயின் 'ஸ்வாமி'. 1963-இல் பாலசந்திர நெமாடேயின் 'கோஸ்லா'. முதலாவதில் பேஷ்வாக்களின் புனே. இரண்டாவதில் காலேஜ் ஹாஸ்டல்களின் புனே. இரண்டிலும் நாயகன் இளைஞன். மற்றபடி இந்த இரண்டு புத்தகங்களையும் ஒரே அலமாரியில் வைத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.

முதலில் 'ஸ்வாமி'யைப் பார்ப்போம். அதன் நாயகன் மாதவராவ் பேஷ்வா. மூன்றாம் பானிபட் போரில் மராத்தியர் நொறுங்கிப்போன 1761-இல், பதினாறு வயதில் பதவிக்கு வந்தவர். சித்தப்பா ரகுநாதராவோடு ஓயாத தகராறு. காலியான கஜானா. அதற்கு நடுவில் ராஜ்யத்தைத் தூக்கி நிறுத்துகிறார். காசநோய் பிடிக்கிறது. 1772 நவம்பர் 18 அன்று, 27 வயதில், தேவூர் கணபதி கோயிலில் உயிர் போகிறது. மனைவி ரமாபாய் உடன்கட்டை ஏறுகிறார்.

இதில் மராத்தி வாசகருக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா? பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கும் கதை. தேவூர் இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அஷ்டவிநாயகர் யாத்திரை போன நம் வீட்டுப் பெரியவர்கள்கூட அங்கே சிந்தாமணி கணபதியைச் சேவித்துவிட்டு, ஆற்றங்கரையில் ரமாபாயின் சமாதியையும் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கேள்விக்கே அந்த நாவலில் வேலை இல்லை.

இருந்தும் வீடு வீடாகப் படித்தார்கள். 1964-இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. அகாதெமி பார்த்தது ஒன்று, அடுப்படியில் படித்தவர்கள் பார்த்தது ஒன்று என்றில்லாமல் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட அபூர்வமான புத்தகம் அது.

ஏன்? அதன் நடைதான் காரணம் என்பது என் கணிப்பு. தேசாய் போரை வேகமாகக் கடந்துவிடுவார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் சின்னச் சின்ன நேரங்களில் நின்று நிதானிப்பார். இவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்று வாசகருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அதனால் சாதாரணமான ஒரு கொஞ்சல்கூடக் கனக்கிறது. அதே கொஞ்சலை நூறு வயது வாழப்போகிற தம்பதிக்கு எழுதியிருந்தால்? நாலு பக்கத்தில் திகட்டியிருக்கும்.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். நடை அழகாக இருந்தது உண்மை. ஆனால் அந்த அழகுக்கு எடை கொடுத்தது, எல்லோருக்கும் தெரிந்த அந்த முடிவு. கதை அங்கே இல்லாமல் போகவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்தது.

ராமாயணம் நமக்குப் புதிதா? 1955-இல் புனே வானொலி நிலையம் 'கீத ராமாயண்' ஒலிபரப்ப ஆரம்பித்தபோது இதுதான் நடந்தது. க. தி. மாட்கூல்கர் எழுதி, சுதீர் பட்கே இசையமைத்த பாடல்கள். வாரம் ஒன்றாக ஒரு வருடத்துக்கும் சற்று மேலாக 56. ராமன் காட்டுக்குப் போவான் என்று தெரியாமலா மகாராஷ்டிரம் முழுக்க ரேடியோ முன் உட்கார்ந்தார்கள்? தமிழ்நாட்டுக் கோயில் கதாகாலட்சேபத்தில் உட்கார்ந்த பாட்டிகள் எல்லாம் சஸ்பென்ஸுக்காகவா உட்கார்ந்தார்கள்?

சரி. இப்போது 'கோஸ்லா'.

நெமாடே அதை எழுதும்போது வயது இருபத்தைந்து. புனே ஃபெர்குசன் காலேஜில் படித்தவர். மளமளவென்று எழுதி முடித்த நாவல். வெளியிட்டதும் புனேயின் தேஷ்முக் கம்பெனிதான். பாண்டுரங்க சாங்வீகர் என்ற பையன், கான்தேஷ் பக்கத்து கிராமத்திலிருந்து இங்கே காலேஜ் படிக்க வருகிறான். அப்பா ஊரில் வசதியானவர். பையன் ஹாஸ்டலில் இருக்கிறான், மெஸ் நிர்வாகத்தைத் தலையில் போட்டுக்கொள்கிறான், பணத்தை இழக்கிறான், நண்பர்களோடு சுற்றுகிறான், டைரி எழுதுகிறான், பரீட்சையில் கோட்டை விடுகிறான். கடைசியில் வேலையும் இல்லாமல் ஊருக்கே திரும்புகிறான்.

இவ்வளவுதானா? இவ்வளவுதான். கதைச் சுருக்கம் கேட்டால் இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஹாஸ்டலில் பிள்ளையை விட்டிருக்கும் எந்த அப்பா அம்மாவுக்கும் இந்தக் கதை தெரியும். போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ம்" என்று மட்டும் பதில் வருமே, அந்தப் பையனின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் நாவல்.

நடையாவது அழகா என்றால், அன்றைக்கு மராத்தியில் அழகு என்று எதைச் சொன்னார்களோ அதற்கு நேர் எதிர். நிலா இல்லை, உவமை அடுக்கு இல்லை. ஒரு காலேஜ் பையன் கட்டைச் சுவரில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. எதையும் கிண்டல் செய்வான், தன்னையும் சேர்த்து.

ஆனால் நடுவில் ஒன்று நடக்கிறது. அவனுடைய சின்னத் தங்கை மணி, நோயில் செத்துப்போகிறாள். அதுவரை எதைச் சொன்னாலும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவனின் குரல் அங்கே தடம் மாறுகிறது. பல பக்கங்களாக ஒரு அழகான வாக்கியத்துக்கும் செலவு செய்யாமல் வைத்திருந்ததை அந்த ஆசிரியர் அங்கே கொட்டுகிறார். அந்தப் பக்கங்களைப் படித்த மராத்தி நண்பர்கள், கதையில் வேறு எதை மறந்தாலும் மணியை மறக்கவில்லை.

'கோஸ்லா'வில் பிளாட் இல்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரே ஒரு சாவு இருக்கிறது. அதற்கு முன் ஒரு பையன், அதற்குப் பின் வேறு ஒரு பையன். இதைவிடப் பெரிய பிளாட் ஒரு வீட்டில் நடக்குமா?

(நெமாடேவுக்கு 2014-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் கிடைத்தது. சிறுகதை என்ற வடிவத்தையே மட்டம் தட்டிப் பேசுகிறவர் அவர். நம் மலருக்குக் கதை அனுப்பும் அன்பர்கள் இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம்!)

ஆக, எல்லோருக்கும் தெரிந்த கதையை வைத்துக்கொண்டு நடையால் நிமிர்ந்து நிற்கிறது ஒன்று. கதையே இல்லாதது போல நடந்து வந்து, ஒரே ஒரு சம்பவத்தால் நெஞ்சைப் பிடிக்கிறது இன்னொன்று. இதில் எது எவ்வளவு சதவீதம் என்று பிரித்துக் காட்ட முடியுமா? என்னால் முடியவில்லை. ஒரு வாக்கியம் அழகாவது அது வந்து உட்காரும் இடத்தால்தான் என்று மட்டும் தெரிகிறது. அந்த இடத்தை ஏற்படுத்திக் கொடுப்பது கதை.

இது 1960களின் கண்டுபிடிப்பும் அல்ல. 1861-இல் லக்ஷ்மண சாஸ்திரி ஹள்பே எழுதிய 'முக்தாமாலா' போன்ற பழைய மராத்தி நாவல்களில் ராஜகுமாரிகளும் அலங்காரமும்தான். பிறகு ஹரி நாராயண் ஆப்டே வந்தார். புனேக்காரர். 1890-இல் 'கரமணூக்' என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்து, அதில் யமு என்ற பெண் தன் கதையைத் தானே சொல்வதாக ஒரு தொடர் எழுதினார். சின்ன வயதில் கல்யாணம், பிறகு விதவைக் கோலம், தலை மழிப்பு. பெயர் 'பண் லக்ஷாத் கோண் கேதோ'. யார் கவனிக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்கிறாள். யமுவுக்கு அலங்காரமாகப் பேசத் தெரியாது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசுகிறாள். அதனாலேயே அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருந்தார்.

நம் தமிழிலும் அ. மாதவையா 1903-இல் 'முத்துமீனாட்சி'யை ஒரு பெண் தானே சொல்லும் கதையாகத்தான் எழுதினார். அதுவும் இளம் விதவையின் கதை. இங்கே யமு, அங்கே முத்துமீனாட்சி. இரண்டு பேரும் ஒரே மாதிரி வீட்டுக்குள்ளிருந்து பேசினார்கள்.

அப்படியானால் 'அழகான வாக்கியம்' என்ற ஆசை நமக்கு எங்கிருந்து இவ்வளவு பலமாக வந்தது? இதற்கு ஒரு மராத்திக்காரரையும் கொஞ்சம் குறை சொல்லலாம். அன்போடுதான்.

வி. ஸ. காண்டேகர். உங்கள் வீட்டில் அறுபது, எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கா. ஸ்ரீ. ஸ்ரீ. மொழிபெயர்ப்பில் காண்டேகர் தமிழ் எழுத்தாளராகவே ஆகிவிட்டார். 'கிரௌஞ்ச வதம்', 'யயாதி' எல்லாம் கல்யாணப் பரிசாகக் கைமாறிய புத்தகங்கள். 'யயாதி'க்கு மராத்தியில் 1974-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம். பக்கத்துக்குப் பக்கம் பொன்மொழி மாதிரி ஒரு வரி இருக்கும். நம் அம்மாக்கள் அடிக்கோடு போட்டார்கள், டைரியில் எழுதி வைத்துக்கொண்டார்கள். மு.வ.வின் நாவல்களையும் அப்படித்தான் படித்தார்கள்.

காண்டேகருக்கும் நா. சீ. பட்கேவுக்கும் அந்தக் காலத்தில் பெரிய வாக்குவாதம். கலை கலைக்காகவே என்பார் பட்கே. வாழ்க்கைக்காக என்பார் காண்டேகர். பட்கே 1931-இல் 'பிரதிபாசாதன்' என்று ஒரு புத்தகமே எழுதினார். கதையை எப்படித் தொடங்குவது, முடிச்சை எப்படிப் போடுவது, எங்கே அவிழ்ப்பது என்றெல்லாம் பாடம் நடத்தும் புத்தகம். இன்றைக்கு ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதை அவர் அப்போதே எழுதிவிட்டார். அழகாகவும் எழுதுவார், முடிச்சும் போடுவார். பிரச்சினை அவரிடம் இல்லை. அவரைப் பார்த்து எழுதியவர்களிடம் முடிச்சு மட்டும் போய்ச் சேர்ந்தது. காண்டேகரைப் பார்த்து எழுதியவர்களிடம் பொன்மொழி மட்டும்.

அந்தப் பொன்மொழிகள் இப்போது எங்கே இருக்கின்றன தெரியுமா? காலை ஆறு மணிக்கு, ரோஜாப்பூ படத்தோடு, உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருகின்றன. நதி, பயணம், மௌனம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. கதைதான் கிடையாது. யார் சொன்னார்கள், எந்தக் கஷ்டத்தில் சொன்னார்கள் என்பதும் கிடையாது. அதனால் நாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம்.

பிளாட் எங்கே போயிற்று? அது டி.வி. சீரியலுக்கும் ஓ.டி.டி.க்கும் குடிபெயர்ந்துவிட்டது. இரவு எட்டரைக்கு விஷம் வைப்பார்கள், ஒன்பதுக்கு வேறு சேனலில் ஆள் கடத்துவார்கள். நாவலின் கதைச் சுருக்கம் வேண்டுமா? யூடியூபில் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். படித்த மாதிரியே பேசிக்கொள்ளலாம்.

அழகான வரியும் இலவசம், விறுவிறுப்பான சம்பவமும் இலவசம் என்று ஆகிவிட்ட வீட்டில், ஒருவர் எதற்காகக் காசு கொடுத்து ஒரு நாவலை வாங்க வேண்டும்? அதைவிட முக்கியம், எதற்காகத் தன் அரை மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வி எழுத்தாளர்களுக்குக் கோபம் வரவழைக்கும். ஆனால் வாசகர் கேட்பது நியாயம்தானே? குக்கர் மூன்று விசில் வருவதற்குள் படிக்கிறவர் இருக்கிறார். ஹிஞ்சவடி டிராஃபிக்கில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறவர் இருக்கிறார். பிள்ளைக்கு டியூஷன் முடியும் வரை வாசலில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று படிக்கிறவர் இருக்கிறார். இவர்களுக்கு இரண்டு பக்கம் மழையைக் கொடுத்தால், அடுத்த நாள் எந்தப் பக்கத்தில் விட்டோம் என்பதே மறந்துபோகும். வெறும் சம்பவமாகக் கொடுத்தால், அதை சீரியலே செய்துவிடும்.

எங்கே கிடைக்கும் இரண்டும்? எனக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறேன். அதுவும் நம் ஊர்க்காரர்தான்.

'கீத ராமாயண்' எழுதிய மாட்கூல்கரைச் சொன்னேன் அல்லவா? அவருடைய தம்பி வெங்கடேஷ் மாட்கூல்கர். புனே வானொலியில் கிராம நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டவர். படம் வரைவார். அண்ணன் வானொலியில் ராமனைப் பாட வைத்த அதே 1955-இல், தம்பியின் 'பன்கர்வாடி' புத்தகமாக வந்தது. சின்ன நாவல். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம். தமிழிலும் வந்திருக்கிறது.

ஒளந்து சமஸ்தானத்தில், ஆடு மேய்க்கும் தங்கர்கள் வாழும் ஒரு குக்கிராமம். அங்கே ஓராசிரியர் பள்ளிக்கு ஒரு சின்னப் பையன் வாத்தியாராகப் போகிறான். பிள்ளைகளை ஆடு பின்னால் அனுப்புவதா, பள்ளிக்கு அனுப்புவதா என்று ஊர் யோசிக்கிறது. மெதுவாக வாத்தியாரை நம்புகிறது. தங்கள் வழக்கையெல்லாம் அவனிடம் கொண்டுவருகிறது. எல்லோரும் சேர்ந்து ஊருக்கு ஒரு உடற்பயிற்சிக் கூடம் கட்டுகிறார்கள். திறந்துவைக்க ராஜாவே வருகிறார். அதன்பிறகு மழை பொய்க்கிறது. ஆடுகள் சாகின்றன. ஒவ்வொரு வீடாக ஊர் காலியாகிறது. பிள்ளைகள் இல்லாத ஊரில் வாத்தியாருக்கு என்ன வேலை?

இதில் அலங்காரமான வாக்கியம் ஒன்றைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்தப் பொட்டல் காடும், பனிக்காலத்து விடியலும், கம்பளி போர்த்திய கிழவர்களும் கண்ணுக்கு முன் நிற்கிறார்கள். ஓவியர் அல்லவா? பார்த்ததை மட்டும் எழுதுகிறார், பார்த்ததைப் பற்றி வியப்பதில்லை. சம்பவங்களும் பெரிதாக இல்லை. ஒவ்வொன்றும் ஒரு ஆளைப் பற்றிய சின்னக் கதை. ஆனால் அந்த ஆட்களை நமக்குத் தெரிந்துவிட்ட பிறகு பஞ்சம் வருகிறது. அதுதான் கைத்திறன். முதல் பக்கத்திலேயே பஞ்சத்தைக் காட்டியிருந்தால் அது செய்தித்தாள். கடைசிவரை காட்டாமலே விட்டிருந்தால் அது கிராமத்துக் காட்சிகள் என்ற ஆல்பம். அமோல் பாலேகர் இதை 1990களில் படமாகவும் எடுத்தார்.

தமிழில் இதற்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் அசோகமித்திரனைச் சொல்வேன். 'தண்ணீர்' என்ற அவருடைய சின்ன நாவல் ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் ஒரு தெரு, குழாயில் தண்ணீர் வராத ஒரு காலம், ஜமுனா, அவள் தங்கை சாயா. குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். தண்ணீர் பிடிக்கிற சங்கடம்தான் கதை. அதன் உள்ளே ஒரு பெண் தன் வாழ்க்கையைக் கையில் எடுத்துக்கொள்வதும் நடந்துவிடுகிறது. எந்த வரியில் நடந்தது என்று திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

மே மாதத்தில் நம் சொசைட்டி வாசலில் டேங்கர் லாரி வந்து நிற்கும்போது, எந்த ஃபிளாட்டுக்கு எத்தனை பக்கெட் என்று செகரட்டரியோடு வாதாடுகிறோமே, அப்போது இந்த நாவலைப் படித்தவர்களுக்கு ஜமுனா ஞாபகம் வருவாள். அவளைப் பற்றிய ஒரு அழகான வாக்கியம் ஞாபகம் வராது. அவளே வருவாள்.

இதற்காக லா.ச.ரா.வை ஒதுக்கிவைக்கச் சொல்கிறேனா? ஐயையோ! அந்தத் தமிழின் மயக்கம் வேறு. கதை என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாமல், வரியை மட்டும் வாய் முணுமுணுக்கும் வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர் கோபமும் தாபமும் நிறைந்த குடும்பங்களைத்தான் எழுதினார். ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவே ஓடுகிற மின்சாரம் இல்லாமல் அந்த வாக்கியங்கள் தனியாக எரியாது. அவரைப் பார்த்து எழுதுகிறவர்கள் மின்சாரத்தை விட்டுவிட்டு பல்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மறுபக்கம், விறுவிறுப்பு என்றாலே முகம் சுளிப்பதையும் நாம் நிறுத்திக்கொள்ளலாம். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த வீடுகள் எத்தனை! இலக்கியம் பேசுகிற பலருக்கு வாசிப்புப் பழக்கமே அந்த பைண்ட் புத்தகத்தில்தான் வந்தது. நம் ஊரில் சுஹாஸ் ஷிர்வள்கர் என்று ஒருவர் இருந்தார். துப்பறியும் கதைகளை எழுதித் தள்ளியவர். புனே காலேஜ் பிள்ளைகளின் நட்பையும் காதலையும் வைத்து அவர் எழுதிய 'துனியாதாரி', 2013-இல் படமாக வந்து ஓடு ஓடென்று ஓடியது. பண்டிதர்கள் ஷிர்வள்கரைத் தங்கள் பட்டியலில் சேர்க்க யோசிப்பார்கள். ஆனால் அந்தப் புத்தகம் ஹாஸ்டல் ஹாஸ்டலாகக் கிழிந்து தொங்கும் வரை கைமாறியது. புத்தகம் கிழிவதும் ஒரு விருதுதான், இல்லையா?

'கோஸ்லா'வும் புனே காலேஜ் பையன், 'துனியாதாரி'யும் புனே காலேஜ் பையன்கள். ஒரே ஊர், ஒரே கட்டைச் சுவர். ஒன்றைப் படித்தவர் இன்னொன்றைப் படிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் முதலில் விறுவிறுப்பானதையே கையில் கொடுங்கள். எடுத்த எடுப்பில் கனமான புத்தகத்தைக் கொடுத்து, பாதியில் அவன் கொட்டாவி விட்டால், "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை" என்று அலுத்துக்கொள்வதில் என்ன பிரயோஜனம்?

அந்த வயதுக்கு மிலிந்த் போகிலின் 'ஷாளா' நல்ல நடுவழி. 2004-இல் வந்தது. எமர்ஜென்சி காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வகுப்புத் தோழி மேல் பிரியம். பள்ளிக்கூடத்துப் பையன் பேசுகிற மராத்தியில் முழு நாவலும். மராத்தி மீடியத்திலோ இரண்டாம் மொழியாகவோ படித்த நம் பிள்ளைகளுக்கு எளிதாக வரும். அந்தப் பையன் தன் வயதுக்கு மீறிய ஒரு உவமையையும் சொல்வதில்லை என்பதை நீங்கள் பெரியவர்களாகப் படிக்கும்போது ரசிப்பீர்கள். அவனுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு ரசிக்கும்படி பேசிக்கொண்டிருக்கிறோம் என்று.

இப்போது நம் மலர் விஷயத்துக்கு வருகிறேன். வந்த கதைகளில் பலவற்றைத் திருத்தி மறுபடி அனுப்பும்படி கேட்டு எழுதியிருக்கிறோம். சிலருக்கு வருத்தம். "மூணாவது பத்தியை எடுத்துடுங்கன்னு சொல்றீங்க, அதுதானே நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினது?" என்று ஒரு அன்பர் கேட்டார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, கதையை வீட்டில் ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கேட்பவர் எதுவும் குறைவதாக உணரவில்லை என்றால் அந்தப் பத்தி உங்களுக்காக எழுதியது. பத்திரமாக டைரியில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு கதைக்கு உதவும்.

சம்பவக் கதை எழுதுகிறவர்களுக்கு வேறு வேண்டுகோள். உங்கள் கதையில் ஒரு சாவோ சண்டையோ வந்தால், அது நடந்த அறையில் அப்போது என்ன இருந்தது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஃபேன் ஓடியதா? அடுப்பில் பால் இருந்ததா? பக்கத்து ஃபிளாட்டில் யாராவது கணபதி ஆரத்தி பாடிக்கொண்டிருந்தார்களா? அழகான வாக்கியம் கேட்கவில்லை. சரியான வாக்கியம் ஒன்று போதும்.

உங்கள் அக்காவோ அத்தையோ ஊர்க் கல்யாணத்தில் நடந்த மனஸ்தாபத்தைப் போனில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யார் எந்தப் புடவையில் வந்தார், மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா எந்தப் பந்தியில் எழுந்தார், எழுந்தபோது இலையில் என்ன மிச்சம் இருந்தது என்பது வரை சொல்வார்கள். இடையில் சரியான இடத்தில் நிறுத்துவார்கள். நாம் "அப்புறம்?" என்போம். பட்கேவின் புத்தகம் படித்தா அதைக் கற்றுக்கொண்டார்கள்?

மகாராஷ்டிரத்தில் தீபாவளி மலர் என்பது 1909-இல் 'மனோரஞ்சன்' பத்திரிகை ஆரம்பித்து வைத்த பழக்கம். இன்றும் அப்பா பல்வந்த் சௌக் கடைகளில் மலர்களை அடுக்கிவைத்திருப்பதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. சக்லி, கரஞ்சியோடு கூடவே மலரும் வாங்கிப் போகிறார்கள். நம் வீடுகளிலும் முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மலர் இருக்க வேண்டும், அது அடுத்த நாள் பழைய பேப்பரோடு போய்விடக் கூடாது என்பதுதான் எங்கள் ஆசை.

இந்த வருஷ மலரில் வேண்டுமென்றே ஒன்று செய்யப்போகிறோம். ஒரே கருவை வைத்து இரண்டு பேர் எழுதிய இரண்டு கதைகள் அடுத்தடுத்து வரும். கரு: வாடகை வீட்டைக் காலி செய்யும் ஒரு குடும்பம். ஒன்றில் நடை முன்னால் நிற்கும், இன்னொன்றில் சம்பவம். எது எந்த ரகம் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. எதை ஒரே மூச்சில் முடித்தீர்கள், எதைப் பாதியில் வைத்தீர்கள், வைத்தால் எந்த வரியில் வைத்தீர்கள் என்று எழுதுங்கள். பாதியில் வைத்த வரியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். எழுதியவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும். அவர்கள் இருவருமே திட்டு வாங்கத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்